எதில் எவ்வளவு?

மோலாரிட்டிக்கும் மோலாலிட்டிக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?
— பதினொன்றாம் வகுப்பு மாணவி, ராசிபுரம்

ஓர் எழுத்து மாறினால் 18 என்பது 500 ஆகிவிடும், அதனால்தான்!

இரண்டிலும் மேலே இருப்பது ஒன்றே: கரைபொருளின் மோல். கீழே இருப்பதுதான் வேறு. மோலாரிட்டிக்குக் கீழே ஒரு லிட்டர் கரைசல். மோலாலிட்டிக்குக் கீழே ஒரு கிலோ கரைப்பான். தண்ணீரில் கொஞ்சமாக உப்பைக் கரைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரும். அடர் கந்தக அமிலத்தில் பாருங்கள். 98 சதவீதம் என்றால் 100 கிராமில் 98 கிராம் அமிலம், 2 கிராம் தண்ணீர். 98 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மோல். 2 கிராம் தண்ணீருக்கு ஒரு மோல் என்றால் ஒரு கிலோ தண்ணீருக்கு 500 மோல். ஆகவே மோலாலிட்டி 500. அதே பாட்டிலின் மோலாரிட்டி 18.4.

இன்னொன்றும் உண்டு. கரைசல் சூடானால் விரியும்; லிட்டர் மாறும், கிலோ மாறாது. கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு போன்ற வெப்பம் சம்பந்தப்பட்ட கணக்குகளில் மோலாலிட்டி வருவதற்குக் காரணம் இதுதான்.

மோல் என்பது எடையா, எண்ணிக்கையா?
— அதே மாணவியின் தம்பி, ராசிபுரம்

எண்ணிக்கை, தம்பி. 2019 மே 20 முதல் அது துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். வேதிவினையில் மூலக்கூறுகள் தலைக்கு இத்தனை என்றுதான் சேர்கின்றன. தராசைப் பார்த்துச் சேர்வதில்லை. நம்மால் எண்ண முடியாது, எடை போடத்தான் முடியும். அதனால் மோலார் நிறை நடுவில் வருகிறது.

ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று இருக்கிறது. ஒரு மோலார் கரைசல் ஒரு லிட்டர் தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும்? அடர்த்தி எதற்கு?
— கல்லூரி ஆய்வக உதவியாளர், திருச்சி

லேபிளில் இருக்கும் சதவீதம் எடைக்கு எடை. உங்கள் கையில் இருக்கும் அளவுக் குவளையோ மில்லியில். எடையிலிருந்து மில்லிக்குப் போக அடர்த்தியைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் உற்பத்தியாளர் அதையும் சேர்த்தே அச்சிடுகிறார்.

கணக்கை எப்போதும் ஒரு லிட்டரில் தொடங்குங்கள். இந்த அமிலம் ஒரு லிட்டர் 1180 கிராம் எடை இருக்கும். அதில் 37 சதவீதம், அதாவது 436.6 கிராம், ஹைட்ரஜன் குளோரைடு. மோலார் நிறை 36.46. வகுத்தால் 11.97 மோலார். உங்களுக்கு வேண்டியது ஒரு மோல், 1000-ஐ 11.97-ஆல் வகுத்தால் 83.5 மில்லி.

அடர்த்தியை விட்டுவிட்டு, லிட்டருக்கு 370 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 10.1 மோலார் என்று வரும். அதை நம்பி 99 மில்லி ஊற்றுவீர்கள். கரைசல் 18 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் செறிவோடு நிற்கும். பரிசோதனையில் மாணவர்களுக்கு எல்லாப் புள்ளியும் தள்ளிப்போகும். காரணம் யாருக்கும் தெரியாது.

செய்முறையில் மூன்று விஷயம். குடுவையில் பாதிக்கு மேல் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. ஆறிய பிறகுதான் குறிவரை நிரப்ப வேண்டும். மொத்தம் ஒரு லிட்டராக வர வேண்டுமே தவிர, ஒரு லிட்டர் தண்ணீரை முழுதாக எடுத்துக்கொண்டு அதன் மேல் 83.5 மில்லி சேர்ப்பது தவறு.

இவ்வளவு செய்தும் அது "ஏறக்குறைய ஒரு மோலார்"தான். பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆவி வெளியேறுகிறது; ஆறு மாதம் திறந்து மூடிய பாட்டிலில் 37 இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உலர்ந்த, தூய சோடியம் கார்பனேட்டை வைத்துத் தரம் பார்த்து, கிடைத்த மதிப்பை லேபிளில் எழுதுங்கள். 0.987 என்று வந்தால் 0.987 என்றே எழுதுங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. தெரிந்த செறிவுதான் நல்ல செறிவு.

நார்மல் சலைன் ஒரு நார்மலா?
— பார்மசி மாணவர், மதுரை

இல்லவே இல்லை. சலைன் 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 58.44-ஆல் வகுத்தால் 0.154 மோலார். ஒரு நார்மல் உப்புக் கரைசலில் லிட்டருக்கு 58 கிராம் இருக்கும். கடல் நீரிலேயே கிலோவுக்கு 35 கிராம் அளவுதான்.

என் மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். வெறும் வயிற்றில் அவளுக்குச் சர்க்கரை 6.1 என்கிறாள். எனக்கு 110. நான் அவளைவிட இவ்வளவு மோசமா?
— இல்லத்தரசி, மயிலாடுதுறை

கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மீதிப் பாதியை மகளுக்குக் கொடுங்கள், ஏனென்றால் உங்கள் இருவர் அளவும் ஒன்றே.

நம் ஊரில் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று சொல்கிறோம். மலேசியாவிலும் பிரிட்டனிலும் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்கிறார்கள். ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம். லிட்டருக்கு 180 என்றால் 100 மில்லிக்கு 18. ஆகவே அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண். 6.1 × 18 = 109.8. வெறும் வயிற்றில் 126 வந்தால் சர்க்கரை நோய் என்று இங்கே சொல்வதும், 7.0 வந்தால் அங்கே சொல்வதும் ஒரே கோடுதான். இருவருமே அந்தக் கோட்டை நோக்கி நடந்துகொண்டிருக்கிறீர்கள். இருவருமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த 18 குளுக்கோஸுக்கு மட்டும் சொந்தம். கொலஸ்ட்ரால் மூலக்கூறு கனமானது; அதற்கு 38.67. நம்முடைய 200 அங்கே 5.2 ஆகும். கிரியாட்டினின் 1.0 என்று இங்கே வந்தால் அங்கே 88 மைக்ரோமோல் என்று வரும். அந்த 88-ஐப் பார்த்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று அழுதவர்கள் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யோ வெறும் பெருக்கலுக்கு அடங்காது: நம் 6.5 சதவீதம் அங்கே 48 மில்லிமோல்/மோல். சதவீதத்திலிருந்து 2.15-ஐக் கழித்துவிட்டு 10.93-ஆல் பெருக்க வேண்டும். வெளிநாட்டு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எங்கள் போர் தண்ணீரில் ஒருவர் மீட்டரை வைத்து டி.டி.எஸ். 700 பிபிஎம் என்றார். இன்னொருவர் மீட்டர் 500 காட்டியது. யார் பொய் சொல்கிறார்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தர்மபுரி

இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும் ஐயா. அந்த மீட்டர் உப்பை எடை போடுவதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்கள் 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல் பெருக்கும். மின்கடத்துதிறன் 1000 மைக்ரோசீமன்ஸ் இருந்தால் ஒன்றில் 500, மற்றொன்றில் 700. தண்ணீர் ஒன்று, பெருக்கிய எண்தான் வேறு. எந்த எண்ணால் பெருக்குகிறது என்பது மீட்டரோடு வந்த தாளில் இருக்கும்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு கிலோ என்பது பத்து லட்சம் மில்லிகிராம். அதனால் குடிநீருக்கு பிபிஎம்மும் லிட்டருக்கு மில்லிகிராமும் ஒன்றாகிவிடுகின்றன. 500 பிபிஎம் என்பது 0.05 சதவீதம். இந்தச் சலுகை நீர்த்த நீர்க் கரைசலுக்கு மட்டும்தான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு இத்தனை பிபிஎம் என்று செய்தியில் வந்தால் அது எடைக் கணக்கில்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கு.

நீங்கள் தர்மபுரிக்காரர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்-க்கு ஏற்கத்தக்க அளவாக 500-ஐ வைத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2000 வரை விடுகிறது. ஃபுளோரைடுக்கோ 1.0, மிஞ்சிப்போனால் 1.5. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உங்கள் மாவட்டத்தின் பழைய துயரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். 500 காட்டும் மீட்டரில் அந்த ஒன்றரை மில்லிகிராம் தனியாகத் தெரியுமா? தெரியாது. டி.டி.எஸ். 300 இருக்கிறது, தண்ணீர் நல்லது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். ஃபுளோரைடுக்குத் தனியாகப் பரிசோதனை செய்யுங்கள்.

குடிநீரில் நைட்ரேட் வரம்பு அமெரிக்காவில் 10, நம் நாட்டில் 45. நாம் நாலரை மடங்கு விஷத்தை அனுமதிக்கிறோமா?
— நீர்ப் பரிசோதனைக் கூட ஊழியர், கோவை

இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே வரம்பு.

அமெரிக்கர்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போட்டு எழுதுகிறார்கள். நாம் நைட்ரேட்டை முழுதாக எடை போடுகிறோம். நைட்ரஜன் 14, அதோடு மூன்று ஆக்சிஜன் சேர்ந்தால் 62. 10-ஐ 62-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் 44.3. உலக சுகாதார நிறுவனத்தின் 50 என்பதும் முழு நைட்ரேட்தான். நைட்ரஜனாக எழுதினால் 11.3.

உங்கள் கூடத்தில் தினமும் எழுதும் கடினத்தன்மையும் இதே ரகம். தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் எது இருந்தாலும் "கால்சியம் கார்பனேட்டாக" என்று மாற்றி எழுதுகிறீர்கள். கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.12-ஆலும் பெருக்கிக் கூட்டினால் வருவது அது. "எதுவாக" என்ற அந்த ஒரு சொல் ரிப்போர்ட்டில் விடுபட்டால் படிப்பவர் நாலு மடங்கு தப்பாகப் புரிந்துகொள்வார். தட்டச்சு செய்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

உளுந்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. தெளிக்கச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது 16 லிட்டர் டேங்க்.
— விவசாயி, மன்னார்குடி

320 கிராம். ஒரு சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம். இரண்டு சதவீதம் 20 கிராம். பதினாறு லிட்டருக்கு 320. முதல் நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டி எடுத்து, மீதித் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் தங்குவது முனையை அடைத்துவிடும்.

இதே வழியில் 3 சதவீத பஞ்சகவ்யம் என்றால் பத்து லிட்டருக்கு 300 மில்லி. ஒரு சதவீத போர்டோ கலவை என்றால் 100 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. அங்கே ஒரு சதவீதம் என்று சொல்வது மயில்துத்தத்தை. அதில் தாமிரம் கால் பங்குதான். மீதி சல்பேட்டும் படிக நீரும். ஆகவே தெளிப்பில் தாமிரம் சுமார் கால் சதவீதம். கடையில் வேறு தாமிர மருந்தை மாற்றாகக் கொடுத்தால், அதன் சதவீதம் எதைக் குறிக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இமிடாகுளோபிரிட் பாட்டிலில் 17.8 சதவீதம் என்கிறது. பழைய கையேட்டில் லிட்டருக்கு 200 கிராம் என்றிருக்கிறது. இப்போது மருந்தைக் குறைத்துவிட்டார்களா?
— விவசாயி, ஒட்டன்சத்திரம்

குறைக்கவில்லை. அந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் சுமார் 1.12 கிலோ. 1120 கிராமில் 200 கிராம் என்பது 17.8 சதவீதம். ஒன்று எடைக்கு எடை, மற்றொன்று கன அளவுக்கு எடை. உங்கள் டோஸை மாற்ற வேண்டாம்.

பள்ளியில் நார்மாலிட்டியில்தான் தரம் பார்த்தோம். கல்லூரியில் நார்மாலிட்டியே வேண்டாம் என்கிறார்கள். எது சரி?
— இளநிலை வேதியியல் மாணவர், நாகர்கோவில்

கல்லூரி சரி. பள்ளியும் தவறில்லை.

நார்மாலிட்டியின் வசதி பெரியது: வி1என்1 = வி2என்2 என்று ஒரே வரியில் கணக்கு முடிந்துவிடும், சமன்பாட்டைச் சமப்படுத்திப் பார்க்கவே வேண்டாம். அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை 158. அமிலக் கரைசலில் அது ஐந்து எலக்ட்ரான் வாங்கும். சமான நிறை 31.6. நடுநிலைக் கரைசலில் மூன்றுதான் வாங்கும். சமான நிறை 52.7. ஆகவே 0.02 மோலார் பெர்மாங்கனேட் அமிலத்தில் 0.1 நார்மல், நடுநிலையில் 0.06 நார்மல். பாட்டில் அலமாரியில் அசையாமல் இருக்கிறது, அதன் நார்மாலிட்டி மட்டும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது! இப்படிப்பட்ட எண்ணை லேபிளில் எழுதுவது தகாது. கணக்குப் போடும் தாளில் நார்மாலிட்டி இருக்கட்டும். பாட்டிலில் மோலாரிட்டி இருக்கட்டும்.

50 மில்லி ஆல்கஹாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் 100 மில்லிதானே?
— வாசகர், யாழ்ப்பாணம்

96 அல்லது 97 மில்லி. மூலக்கூறுகள் நெருங்கி அமர்ந்துகொள்கின்றன. எடை மட்டும் குறையாது. அதனால் ஆல்கஹாலில் கன அளவுச் சதவீதமும் எடைச் சதவீதமும் ஒத்துப்போகா: கன அளவில் 70 சதவீதம் என்பது எடையில் சுமார் 62.

ஹைட்ரஜன் பெராக்சைடு "10 வால்யூம்" என்றால்?
— சலூன் உரிமையாளர், ஈரோடு

ஒரு லிட்டர் திரவம் முழுதும் சிதைந்தால் பத்து லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று பொருள். அது 3 சதவீதம். 20 வால்யூம் 6 சதவீதம். 100 வால்யூம் சுமார் 30 சதவீதம். அதைத் தோலில் படவிடாதீர்கள்.

எல்லா அலகுகளையும் மாற்ற ஒரே சூத்திரம் கொடுங்களேன்.
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சென்னை

கொடுத்தால் மறந்துவிடுவீர்கள். வழியைத் தருகிறேன்: எந்த அலகில் இருந்தாலும் முதலில் கிராமுக்கு வாருங்கள். கிராமிலிருந்து மோலுக்குப் போக மோலார் நிறை வேண்டும். கரைசலின் எடையிலிருந்து லிட்டருக்குப் போக அடர்த்தி வேண்டும். கேள்வியில் இவை இரண்டும் கொடுத்திருந்தால் விடை கைக்குள். அடர்த்தி கொடுக்காமல் எடைச் சதவீதத்தை மோலாரிட்டியாக்கச் சொன்னால், கேள்வி தயாரித்தவர் நீர்த்த கரைசல் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சீக்கிரம் குணமாகட்டும் என்று பாதி ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். ஸ்ட்ராங்காக இருந்தால் நல்லதுதானே?
— இளம் தாய், விழுப்புரம்

வேண்டாம் அம்மா, இனி அப்படிச் செய்யாதீர்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கிறது: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் 75, 75 மில்லிமோலாகச் சமமாக நிற்கும். குடல் அவை இரண்டையும் சேர்த்து உறிஞ்சும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. கரைசலின் மொத்தச் செறிவு 245 மில்லி ஆஸ்மோல். ரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. முன்பு 311 ஆக இருந்ததை 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 245 ஆகக் குறைத்ததே குழந்தைகளுக்கு அது மேலும் நல்லது என்று தெரிந்ததால்தான்.

பாதிப் பொட்டலத்தை 200 மில்லியில் கரைத்தால் செறிவு இரண்டரை மடங்கு, 600-க்கும் மேல். அப்போது தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குப் போவதற்குப் பதிலாக உடலிலிருந்து குடலுக்கு வரும். போக்கு கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். முழுப் பொட்டலத்தையும் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கடையில் உண்டு. எத்தனை தண்ணீருக்கு என்று உறையில் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அட்ரினலின் 1:1000, 1:10000. எது வீரியம் கூடியது? பதற்றத்தில் குழம்பிவிடுகிறது.
— செவிலியர் மாணவி, வேலூர்

1:1000 தான் பத்து மடங்கு வீரியம். 1000 மில்லியில் ஒரு கிராம், அதாவது ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். மற்றது ஒரு மில்லியில் 0.1 மில்லிகிராம். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்குத் தசையில் போடும் 0.5 மில்லிகிராம் முதலாவதில் அரை மில்லி. இரண்டாவதில் ஐந்து மில்லி.

குழப்பம் உங்களுடையது மட்டுமில்லை. அமெரிக்காவில் 2016 மே முதல் இத்தகைய ஊசி மருந்து லேபிளில் விகிதத்தை எடுத்துவிட்டு, மில்லிக்கு மில்லிகிராம் என்றே அச்சிட வைத்தார்கள். நல்ல முடிவு, எல்லா நாடுகளிலும் வர வேண்டும். அதுவரை உங்கள் நோட்டில் எல்லாவற்றையும் மில்லிக்கு மில்லிகிராமாக மாற்றி எழுதி மனப்பாடம் செய்யுங்கள். 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் மில்லிக்கு 20.

அப்பாவுக்கு இன்சுலின் குப்பி கிடைக்காததால் கடைக்காரர் வேறு குப்பி கொடுத்தார். மருந்து ஒன்றுதான் என்கிறார். பழைய சிரிஞ்சையே பயன்படுத்தலாமா?
— வாசகி, தூத்துக்குடி

சிரிஞ்சைத் தொடுவதற்கு முன் குப்பியைப் பாருங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பி பொதுவாக இரண்டு செறிவுகளில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

அப்பாவுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 40-க்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. அதில் 100 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை மளமளவென்று இறங்கி நினைவு தப்பலாம், உயிரே போகலாம். மறுபுறம், 40 யூனிட் மருந்தை 100-க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டுவார்கள். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் பொதுவாக 100 யூனிட். அதிலிருந்து 40 சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது மிக ஆபத்தானது.

கடைக்காரர் சொன்னபடி மருந்து ஒன்றாகவே இருக்கலாம், செறிவு வேறாக இருக்கும். குப்பியில் 40 என்றிருந்தால் சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றிருந்தால் 100. இரண்டும் ஒத்துவராவிட்டால் ஊசி போடாமல் உடனே மருத்துவரை அழையுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும், வீட்டில் யாருக்காவது இன்சுலின் போடுகிறீர்கள் என்றால், இன்று இரவு ஊசிக்கு முன் அந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.